கூடாரப் புழு வந்த கோடை

ஹாலம், வெர்மாண்ட்
12 ஜூன் 1954

அன்புள்ள ஆல்டன் அண்ணனுக்கு,

வெர்னா எழுதுகிறேன். நானும் லைலும் சுகம், மாடுகளும் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? நவம்பரில் அப்பாவை அடக்கம் செய்துவிட்டுக் கிளம்பும்போது, குனிந்து பெட்டியைத் தூக்க முடியாமல் வாசலில் நின்றாய். அதற்குப் பிறகு ஏழு மாதம் நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போதும் காரியம் வந்ததால்தான் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உண்மைதான்.

குன்றின் மேல் மேப்பிள் தோப்பில் புழு விழுந்திருக்கிறது. மே மாதம் தளிரோடு தளிராக நூல் துணுக்கு போல இருந்தவை, இப்போது என் சுண்டுவிரல் நீளம். விலாவில் நீலம், முதுகில் வரிசையாக வெள்ளைப் புள்ளி. தோப்புக்குள் நின்றால் மழை பெய்கிற சத்தம் கேட்கிறது. அண்ணாந்து பார்த்தால் வானம் வெளுத்திருக்கிறது. பெய்வது அதுகளின் எச்சம். தொப்பி இல்லாமல் போக முடியாது. நேற்று மேட்டில் வண்டிச் சக்கரம் வழுக்கி, லைல் வண்டியோடு பின்பக்கமாகவே கீழே வந்து சேர்ந்தார். "பனியில வழுக்கியிருக்கேன், சேத்துல வழுக்கியிருக்கேன். புழுவுல வழுக்குறது இதான் முதல் தடவை" என்றார். சிரித்தோம். அதோடு சிரிப்பு முடிந்தது.

பாகு காய்ச்சச் சாறு தரும் மேப்பிள், அறுநூற்று நாற்பது. இன்று ஒன்றிலும் இலை இல்லை. ஜூன் மாதத்தில் ஜனவரி போல நிற்கின்றன. மர வியாபாரி ரஸ்கோ இரண்டு முறை வந்து, பட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "செத்த மேப்பிள் வெயில்ல நின்னா உள்ளே கறுத்துப்போகும் வெர்னா. ஜூலை ஆரம்பத்துல அறுத்தா பியானோ செய்யற வெள்ளை மரம். ஆகஸ்ட்ல அறுத்தா அடுப்புக்குத்தான்" என்கிறார். லைலுக்கும் அதே எண்ணம். வீட்டு முன்னால் இருந்த எல்ம் மரங்கள் உனக்கு நினைவிருக்கும். அவை காய்ந்தபோது அடுத்த வருடம் துளிர்க்கும், அடுத்த வருடம் துளிர்க்கும் என்று மூன்று வருடம் காத்திருந்தோம். கடைசியில் விறகுக்குக்கூட உதவவில்லை. இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்கிறார். காட்டிலாகா ஆளுக்கு எழுதினோம். எல்லாக் குன்றிலும் இதே கதை என்பதால் ஆகஸ்டில்தான் வர முடியுமாம்.

ஆகவே உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. மரங்கள் செத்துவிட்டனவா, பிழைக்குமா? நீ இந்தப் புழுக்களைப் படித்துத்தானே பட்டம் வாங்கினாய். தொலைபேசியில் கேட்டிருப்பேன். எங்கள் தொலைபேசிக் கம்பி ஏழு வீட்டுக்குப் பொது, எல்லோரும் ஒட்டுக்கேட்பார்கள். நான் கேட்கும் முன்பே ஏழு வீடும் பதில் சொல்லிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலுக்குக் காத்திருக்கும்,
வெர்னா


மில்ஃபோர்ட் கிராசிங், ஓஹையோ
17 ஜூன் 1954

அன்புள்ள வெர்னாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் சுகமும் மாடுகளின் சுகமும் அறிந்தேன். என் முதுகு இருந்தபடி இருக்கிறது. விசாரித்ததற்கு நன்றி.

நீ சொன்ன அடையாளம் போதும். இது காட்டுக் கூடாரப் புழு. பெயரில்தான் கூடாரம். கூடாரம் கட்டுவது இதன் பங்காளிப் புழு. இது அடிமரத்தில் பட்டுப் பாய் விரித்து அதன்மேல் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும். யாரோ தவறாகப் பெயர் வைத்தான், எவனும் திருத்தவில்லை. ஒருவன் செய்ததற்கு இன்னொருவன் பெயர் விழுவது உலகத்தில் புதிதல்ல. நான் மூன்று கோடை உட்கார்ந்து வரைந்த படங்கள் என் பேராசிரியரின் புத்தகத்தில் அவர் பெயரில்தான் அச்சாகியிருக்கின்றன.

முன்னால் போகும் புழு இழை விட்டுக்கொண்டே போகும். பின்னால் வருவது அந்த இழையைப் பிடித்து வரும். இப்போது மரத்தில் தின்ன எதுவும் இல்லாததால் கீழே இறங்கி அலையும். வேலி, சுவர், துணிக்கொடி எதையும் விடாது. ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காது. ஜூன் கடைசியில் மஞ்சள் பொடி தூவியது போன்ற கூடு கட்டும். பெரிய சாம்பல் நிற ஈக்கள் கூட்டமாக வந்து உங்கள் மேல் உட்காரும். அவை கடிக்கா. அடிக்காதீர்கள். கூட்டுக்குள் இருப்பதைத் தின்று தீர்ப்பவை அவைதான். ஜூலையில் அந்துப்பூச்சி வெளிவரும். கன்றுக்குட்டியின் தோல் நிறம், இறக்கையில் குறுக்கே இரண்டு கோடு. பார்க்க ஒன்றுமில்லை. ஒரு வாரம்கூட வாழாது. எதையும் தின்னாது. பெண் பூச்சி சுள்ளியைச் சுற்றி மோதிரம் போல ஒரே ஒரு தடவை முட்டையிடும். இருநூறு, முந்நூறு முட்டை. மேலே பழுப்புப் பசை பூசி மூடிவிட்டுச் செத்துப்போகும். உள்ளே இருக்கும் குஞ்சு, பனி முழுவதையும் தாங்கி, மேப்பிள் மொட்டு விரியும் வாரத்தில் வெளியே வரும். ஒரு நாள் முன்பின் ஆகாது.

இவ்வளவும் நான் படித்தது. ஊர்க்கூட்டத்தில் அப்பா எழுந்து நின்று, "எங்க வீட்டுல ஒருத்தன் புழுவுக்கு வாத்தியாரா இருக்கான், ஒங்க வீட்டுல புழு இருந்தா சொல்லி அனுப்புங்க" என்றது உனக்கு நினைவிருக்கும். நீயும் சிரித்தாய். உயிலில் என்ன எழுதினார்? குன்றும் தோப்பும் வீடும் வெர்னாவுக்கு. ஆல்டனுக்கு அவன் படிப்பை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. வக்கீல் அதைப் படித்தபோது உன் கணவன் லைல் ஜன்னலைப் பார்த்தான். அந்தப் படிப்பு இப்போது தோப்புக்குத் தேவைப்படுகிறது போலும்.

கோடை வகுப்புகள் தொடங்கிவிட்டன. எதிலும் மனம் நிலைக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. லைலை விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்,
ஆல்டன்


ஹாலம்
21 ஜூன் 1954

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். லைல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "பின்பக்கம் திருப்பிப் பாரு" என்றார். திருப்பினேன். ஒன்றுமில்லை. "உறையை உதறிப் பாரு." உதறினேன். "உங்க அண்ணன் புழுவோட பொறந்த நாள், எறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் எழுதிட்டார். மரம் பொழைக்குமாங்கறத மட்டும் தபால்காரர் தின்னுட்டாரா?" என்றார்.

கோபித்துக்கொள்ளாதே. அவர் பேச்சு அப்படி. ஆனால் கேட்டதில் தப்பில்லையே?

நீ சொன்னபடியே புழுக்கள் இறங்கிவிட்டன. துணிக்கொடியில் காயப்போட்ட போர்வையில் அள்ளி எடுத்தேன். பால் வாளியிலும் விழுகின்றன. தரையில் நகர்வதைப் பார்த்தால் தரையே நகர்வது போல இருக்கிறது. எனக்கும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தோப்புக்குப் போய் மொட்டைக் கிளைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன். எதைப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ரஸ்கோ ஜூலை முதல் வாரம் ஆட்களைக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். அதற்கு முன் நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கு வேலை அதிகம் என்பதால் தபால் அட்டை ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டியாயிற்று. பின்னால் இரண்டே வார்த்தை: வெட்டு, காத்திரு. ஒன்றை அடித்துவிட்டுப் பெட்டியில் போடு. கையெழுத்துகூட வேண்டாம்.

அன்புடன்,
வெர்னா


மில்ஃபோர்ட் கிராசிங்
27 ஜூன் 1954

அன்புள்ள வெர்னாவுக்கு,

நான் சுகம். இங்கே வெயில் கடுமை. அங்கே எப்படியோ.

உன் அட்டை வந்தது. இருபத்தாறு ஆண்டு கற்பித்த ஒருவனிடம் ஒரு வார்த்தையை அடிக்கச் சொல்வது அவனுக்குச் செய்யும் மரியாதையா என்று யோசித்துப் பார். எங்கள் துறையில் நேரில் பாராத மரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது வழக்கமில்லை. மண் எப்படி, மழை எப்படி, போன வருடம் எவ்வளவு சாறு எடுத்தீர்கள், இதெல்லாம் தெரியாமல் எப்படிச் சொல்வது? தவறாகப் போனால் பழி யார்மேல் விழும் என்று எனக்குத் தெரியும்.

என் கடிதத்தை மேசையில் உரக்கப் படித்தாய் என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்கு எழுதினேன். உன் கணவனின் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள எழுதவில்லை. அந்த மேசையில் என் பெயர் சிரிப்புக்குத்தான் என்பது அப்பா காலத்து வழக்கம். அவர் போன பிறகும் நடக்கிறது.

நீ ஒரு தடவையாவது, அப்பா செய்தது சரியில்லை என்று சொல்லியிருக்கிறாயா? உயில் படித்த அன்று சொல்லவில்லை. ஏழு மாதத்தில் எழுதவில்லை. இப்போதும், மரம் போகிறதே என்ற பதற்றத்திலும், அந்த ஒரு வரி உன் பேனாவில் வரவில்லை. எனக்கு நிலம் வேண்டாம். அதை வைத்து இந்த வயதில் நான் என்ன செய்யப்போகிறேன்? அந்த ஒரு வரி போதும்.

மற்றவை பிறகு.

ஆல்டன்


ஹாலம்
1 ஜூலை 1954

அண்ணா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. சுகமாக இரு.

நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. அப்பா உன்னை மூன்று தடவை கூப்பிட்டார். கால் உடைந்த வருடம், கொட்டகை எரிந்த வருடம், அம்மா படுத்த வருடம். மூன்று தடவையும் தேர்வு நேரம் என்று எழுதினாய். நான் இங்கே பனியில் சாறு வாளி சுமந்தேன். ஊர்க்கூட்டத்தில் அவர் பேசியது தப்பு, நான் சிரித்தது அதைவிடத் தப்பு. அதை எழுதுகிறேன், வைத்துக்கொள். உயில் சரியில்லை என்பதை, மரத்துக்காகப் பொய்யாக எழுதினால் நீயே கண்டுபிடித்துவிடுவாய்.

வரும் ஞாயிறு சுதந்திர தினம். திங்கள் தபால் விடுமுறை. செவ்வாய் ஆறாம் தேதி காலை பத்து மணிக்குத் தபால் வரும். ரஸ்கோவின் ஆட்கள் அன்று மதியம் வருகிறார்கள். கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன். லைல், "பத்து மணி வரைக்கும் உங்க அண்ணனுக்கு. பன்னெண்டு மணிக்கு மேல ரஸ்கோவுக்கு" என்கிறார்.

பெட்டியருகே நிற்பேன்.

வெர்னா


மில்ஃபோர்ட் கிராசிங்
9 ஜூலை 1954

அன்புள்ள வெர்னாவுக்கு,

இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் தணியவில்லை. நூலகத்தின் மேல்மாடியில் மூச்சுவிட முடியாது. துறைத் தலைவர் பதவிக்கு என்னைவிடப் பதினொரு வயது இளையவனைப் போட்டிருக்கிறார்கள். வாழ்த்துச் சொல்லப் போனேன். என் பெயரைத் தவறாகச் சொன்னான்.

நீ எழுதியிருந்த மூன்று வருடங்களையும் படித்தேன். அவற்றுக்குப் பதில் உண்டு. இப்போது வேண்டாம்.

முதுகுக்காக மருத்துவர் தினமும் இரண்டு மைல் நடக்கச் சொல்லியிருக்கிறார். நடக்கிறேன். இலை முழுவதும் போன மேப்பிள் ஜூலை நடுவில் இரண்டாம் முறை துளிர்க்கும். இலை சிறிதாக, வெளிறி இருக்கும், அதனால் குறையில்லை. நியூயார்க் மலைகளில் மூன்று கோடை தொடர்ந்து பார்த்திருக்கிறேன். ஆகவே வெட்டத் தேவையில்லை. நடந்த பிறகு தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை.

லைலை விசாரித்ததாகச் சொல்.

ஆல்டன்


ஹாலம்
18 ஜூலை 1954

ஆல்டனுக்கு,

உன் கடிதம் திங்கள்கிழமை பன்னிரண்டாம் தேதி வந்தது. பெட்டியருகே நின்றே படித்தேன். ஐந்தாம் நாளாக மேலே ரம்பம் கேட்டுக்கொண்டிருந்தது. இடுப்பில் கட்டிய சமையல் துணியோடு குன்றில் ஓடினேன். ஐம்பது வயதை நெருங்குகிறவள் ஓடுவதை ஊர் பார்த்தது.

"நிறுத்து ரஸ்கோ, மரத்துக்கு உயிர் இருக்கு."

"யார் சொன்னது?"

"எங்க அண்ணன்."

"ஒரு மாசமா வாயைத் தெறக்காத அண்ணனா?" என்றார் ரஸ்கோ. கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். "கையெழுத்துப் போட்ட காகிதம் எங்கிட்ட இருக்கு வெர்னா. நாலு ஆளு, ரெண்டு வண்டி, எல்லாம் வந்து நிக்குது."

லைல், அடுத்து அறுக்கக் கோடு போட்டிருந்த மரத்துக்குப் போய் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். "அறுக்கறதுன்னா அறு ரஸ்கோ. ஆனா சுத்தி வந்து அறு, எனக்கு எழுந்திரிக்க முடியாது. மூட்டு வலி" என்றார். ரஸ்கோ அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவரும் எங்களைப் போலத் தெரியாதவர்தான்.

முந்நூற்று எழுபத்தொன்பது சாய்ந்தாயிற்று. இருநூற்று அறுபத்தொன்று நிற்கின்றன.

நேற்று நிற்கிற மரங்கள் துளிர்த்தன. நீ எழுதியபடியே, சின்ன இலை, வெளிறிய பச்சை. பார்த்துக்கொண்டே கீழே வந்தபோது லைல் கையைப் பிடித்து நிறுத்தினார். ஏழாம், எட்டாம் தேதி வெட்டிய மரங்களின் தலைகள் தரையில் கிடக்கின்றன அல்லவா, அவற்றிலும் துளிர் வந்திருக்கிறது. வேர் போனது அவற்றுக்குத் தெரியவில்லை. லைல் ஒரு கிளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தார். உன் பழுப்புப் பூச்சிகள் சுற்றிலும் தட்டழிந்து பறந்துகொண்டிருந்தன. முட்டையிட இடம் தேடுகின்றன போல. ஒன்று என் கையில் உட்கார்ந்தது. குறுக்கே இரண்டு கோடு இருந்தது.

மூன்று கோடை பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். எந்த மூன்று கோடை, ஆல்டன்? இந்த ஜூனுக்கு முன்னாலா?

வெர்னா


மில்ஃபோர்ட் கிராசிங்
24 ஜூலை 1954

அன்புள்ள வெர்னாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

நடந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் யோசித்துப் பார். பார்க்காத மரத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று நான் முன்பே எழுதியிருந்தேன். பட்டையைக் கீறி உள்ளே பச்சை இருக்கிறதா என்று ரஸ்கோவாவது லைலாவது பார்த்திருக்கலாம். அதற்குப் படிப்பு வேண்டாம், பேனாக்கத்தி போதும். ஆறாம் தேதியே தொடங்குவீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வகுப்பு, தேர்வு, துறையில் நடந்த அவமானம், இவற்றுக்கு நடுவே ஒரு விஷயம் நினைவிலிருந்து நழுவியிருக்கலாம். யாருக்கும் நேரக்கூடியதுதான்.

இருநூற்று அறுபத்தொன்று சின்ன எண்ணிக்கை அல்ல.

ஆல்டன்


மில்ஃபோர்ட் கிராசிங்
30 அக்டோபர் 1954

அன்புள்ள வெர்னாவுக்கு,

சுகமா? மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

தினமும் தபால் அறைக்குப் போகிறேன். கல்லூரியின் தபால்காரர் நான் வருவதைக் கண்டதும் கையை விரித்துவிடுகிறார். நடை இரண்டு மைலிலிருந்து ஐந்து மைல் ஆகிவிட்டது. நடந்தால் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. ஒரு வரி எழுது. திட்டுவதானாலும் எழுது.

ஆல்டன்


ஹாலம்
5 பிப்ரவரி 1955

ஆல்டன் அண்ணனுக்கு,

சுகம். லைலுக்கு மூட்டு வலி, எனக்கு இருமல், பனி ஜன்னல் வரை. உன் சுகத்துக்கு எழுது.

ஜூலையிலிருந்து கடையில், தேவாலயத்தில், பால் நிலையத்தில் எங்கே போனாலும் ஒரே கேள்வி. "ஒங்க அண்ணன்தான் புழுவைப் படிச்சவராச்சே, சொல்லலியா?" எல்லோருக்கும் ஒரே பதில் சொல்கிறேன். அண்ணனுக்கு வேலை அதிகம், மறந்துவிட்டார், சின்ன வயதிலிருந்தே மறதி, ஒரு காலில் காலுறை இல்லாமல் பள்ளிக்கூடம் போனவர். அவர்கள் சிரித்துவிட்டு நம்புகிறார்கள். லைல் மட்டும் நம்பவில்லை. நேற்று அடுப்புக்கு மேப்பிள் கட்டை போடும்போது கேட்டுவிட்டார். "எரநூறு முட்டையா முந்நூறு முட்டையான்னு ஞாபகம் வச்சிருக்கற மனுஷன் இதை மறப்பாரா வெர்னா? நீ யாருக்குச் சொல்ற, ஊருக்கா, ஒனக்கா?"

கட்டையைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது.

நினைவிலிருந்து நழுவியிருக்கலாம் என்று ஜூலையில் எழுதினாய். "இருக்கலாம்" வேண்டாம். மறந்தாயா? நீ என்ன எழுதுகிறாயோ அதை நம்புவேன். லைலிடமும் அதையே சொல்லி, இந்தப் பேச்சை முடித்துவிடுவேன்.

வெர்னா


மில்ஃபோர்ட் கிராசிங்
8 பிப்ரவரி 1955

அன்புள்ள வெர்னாவுக்கு,

உன் கடிதம் ஒரு மணி நேரம் முன்பு வந்தது. இருமலுக்கு மருந்து சாப்பிடு.

மறக்கவில்லை.

உன் முதல் கடிதம் ஜூன் பதினைந்து மதியம் வந்தது. மாடிப்படியில் நின்றே படித்தேன். படித்து முடிக்கும் முன்பே பதில் வாய்க்கு வந்துவிட்டது: பிழைக்கும், வெட்டாதே. மேலே போய், இரண்டு நாள் உட்கார்ந்து, அந்த இரண்டு வார்த்தை எங்கும் வந்துவிடாமல் கவனமாகப் பார்த்து, அவ்வளவு நீளக் கடிதம் எழுதினேன். இருபத்தாறு ஆண்டில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை.

அந்த வீட்டுக்கு என்னிடமிருந்து ஒன்று தேவைப்பட்டது அதுதான் முதல் தடவை. கொடுத்துவிட்டால் அதோடு முடிந்துவிடும். இன்னும் ஒரு தடவை கேட்கட்டும் என்று நினைத்தேன். நீ கேட்டாய். இன்னும் ஒரு தடவை என்று நினைத்தேன். உன் அட்டை என் மேசையில் பத்து நாள் கிடந்தது. இரண்டு தடவை பேனாவை எடுத்தேன்.

வெட்டிவிடுவீர்கள் என்று நினைக்கவில்லை என்று எழுதலாம். ஜூன் வரை அது உண்மை. ஜூலை ஒன்றாம் தேதிக் கடிதம் எனக்கு மூன்றாம் தேதி, சனிக்கிழமை கிடைத்தது. அன்று தந்தி அலுவலகம் மாலை வரை திறந்திருந்தது. அதன் முன்னால் இரண்டு தடவை நடந்தேன். அப்பா என்னை மூன்று தடவை கூப்பிட்டார் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த வரியைத்தான் சொல்லிக்கொண்டே நடந்தேன். உள்ளே போகவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வகுப்பில் இருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கும் பார்த்தேன்.

அப்பாமேல் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் இதுவும் அந்த நீளக் கடிதம் போல ஆகிவிடும். கூப்பிட்ட மூன்று தடவையும் வந்திருக்கலாம். தேர்வு ஒரு தடவைதான் இருந்தது.

லைல் சொன்னதுதான் சரி என்று அவரிடம் சொல்.

ஆல்டன்


ஹாலம்
24 பிப்ரவரி 1955

ஆல்டனுக்கு,

இருமல் நின்றுவிட்டது.

உன் கடிதத்தை மேசையில் படிக்கவில்லை. கொட்டகையில் தனியாகப் படித்தேன். பிறகு லைலிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "நான் சொன்னது தப்பாப் போயிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

எனக்கும், மறந்தேன் என்ற பதிலே வந்திருக்கலாம் என்றுதான் இருக்கிறது. ஊரில் மறதி என்றே சொல்லியாயிற்று. வீடு வீடாகப் போய் அதை மாற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உனக்காக அல்ல. இந்த வருடம் இங்கே வராதே. அடுத்த வருடத்தைப் பற்றி அடுத்த வருடம் எழுதுகிறேன், எழுதினால்.

இப்போது காரியம். முட்டை மோதிரத்தைப் பற்றி நீ எழுதியிருந்தாய். போன வாரம் லைல் ஏணியைப் பிடிக்க, நிற்கிற மரங்களில் இருபதைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் உச்சியில் நாலு கிளை நுனி வெட்டி இறக்கினேன். எண்பது நுனி. சமையலறையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொரு மோதிரம். அவற்றிலும் நாலு உள்ளே காலி. இது அதிகமா, குறைவா?

இரண்டாவது. மார்ச் ஒன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். மறுநாள் சாறுக்கு மரத்தில் துளை போடுவது வழக்கம். வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். பாகு காய்ச்சவில்லை என்றால் இந்த வருடம் எங்களுக்குக் கஷ்டம். ஆனால் ஒரே கோடையில் இரண்டு தடவை இலை விட்ட மரம் தாங்குமா? "அவர்கிட்டயா மறுபடியும் கேக்கற?" என்கிறார் லைல். "வேற யாருக்குத் தெரியும்?" என்றேன்.

அட்டை வைக்கவில்லை. தபால்தலை நீயே ஒட்டிக்கொள்.

வெர்னா


தந்தி
28 பிப்ரவரி 1955, காலை 9.40

வெர்னாவுக்கு. முட்டை குறைவு. இந்த வருடம் துளை போடாதே. நிற்பவை பிழைக்கும். ஆல்டன்.